ரொறன்ரோவில் பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு: தேடுவது எப்படி, சேருவது எப்படி

என் சின்னம்மா கனடாவுக்கு வந்து ஏழாவது ஆண்டில் ஒரு குளிர்காலக் காலையில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. பேரனின் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு. மறுமுனையில் ஒரு பெண் வேகமாகப் பேசினார். சின்னம்மா மூன்று முறை "யெஸ், யெஸ்" என்றார். அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டார். பேரனுக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள் என்பதுதான் செய்தி. மாலை மூன்றரை மணிவரை பிள்ளை அலுவலக நாற்காலியில் ஜாக்கெட்டைப் போர்த்துக்கொண்டு படுத்திருந்தான். பாட்டி வருகிறேன் என்று சொன்னாரே என்று பள்ளிக்கூடமும் காத்திருந்தது.

அந்த ஏழு ஆண்டுகளும் சின்னம்மாவுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் மீன் வாங்க, மருத்துவரிடம் போக, வருமான வரிப் படிவம் நிரப்ப, கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்க, எல்லாவற்றுக்கும் தமிழ் போதும். ஒரு மொழியைக் கற்க இதைவிட வசதியான ஊரும் இல்லை, இதைவிட வசதியாகக் கற்காமல் இருந்துவிடக்கூடிய ஊரும் இல்லை. இலவச வகுப்புகள் நடக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே போய் யாரைக் கேட்பது என்பதில்தான் ஆண்டுகள் போய்விடுகின்றன. பெரும்பாலானோர் நேரே ஒரு பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கிறார்கள். அங்கே "முதலில் அசெஸ்மென்ட் (மொழி மதிப்பீடு) எடுத்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அதோடு மனம் விட்டுப்போகிறது. ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: கையில் இருக்கும் தாள் என்ன?

உங்களுக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்பது இரண்டாவது கேள்வி. கனடாவில் உங்கள் குடிவரவு நிலை என்ன என்பதே முதல் கேள்வி. ஏனென்றால் இலவச வகுப்பு இரண்டு அரசுகளின் பணத்தில் நடக்கிறது. இரண்டும் வேறு வேறு ஆட்களைச் சேர்க்கின்றன.

ஒன்று 'லிங்க்', புதிதாகக் குடியேறியவர்களுக்கான மொழிப் பயிற்சித் திட்டம். மத்திய அரசின் குடிவரவு அமைச்சு பணம் கொடுக்கிறது. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்கள், அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவர்கள் ஆகியோருக்கானது. கனடியக் குடியுரிமை எடுத்துவிட்டால் இதில் சேர முடியாது. இதைக் கேட்டுப் பலர் திகைத்துப்போவார்கள். சிட்டிசன் ஆனால் உரிமை கூடும் என்றுதான் நாம் நினைக்கிறோம், லிங்க் வகுப்பைப் பொறுத்தவரை குறைகிறது. பி.ஆர். அட்டையோடு (நிரந்தர வதிவிட அட்டை) இருக்கும் காலத்திலேயே இதைப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். மத்திய அரசின் தகுதி விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதும் காலம் தாழ்த்தாமல் இருக்க இன்னொரு காரணம்.

இரண்டாவது 'இ.எஸ்.எல்.', அதாவது இரண்டாம் மொழியாக ஆங்கிலம். ஒன்ராறியோ மாகாண அரசின் பணத்தில், பள்ளிச் சபைகள் நடத்துவது. ரொறன்ரோ மாவட்டப் பள்ளிச் சபையும் கத்தோலிக்கப் பள்ளிச் சபையும் இந்த நகரில் இதை நடத்துகின்றன. கத்தோலிக்கச் சபையின் வகுப்பில் சேரக் கத்தோலிக்கராக இருக்க வேண்டியதில்லை. வேறு நாட்டில் பிறந்து இங்கே குடியுரிமை பெற்றவர்கள் இதில் சேரலாம். அகதிக் கோரிக்கை வைத்து முடிவுக்குக் காத்திருப்பவர்களும் சேரலாம். இந்த இரண்டாவது கூட்டத்தாருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வழக்கு முடியட்டும், பிறகு படிக்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோரிக்கையாளர் என்பதற்கான தாள் கையில் இருந்தாலே மாகாண வகுப்புக்குப் போகலாம். லிங்க் வகுப்புக்குத்தான் வழக்கு முடிய வேண்டும்.

சூப்பர் விசாவில் (பெற்றோருக்கான நீண்டகால வருகை விசா) வந்திருக்கும் அப்பா அம்மா, சுற்றுலா விசாவில் வந்தவர்கள், படிக்க வந்த மாணவர்கள் ஆகியோருக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. பள்ளிச் சபை வகுப்பில் கட்டணம் செலுத்திச் சேர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். அவர்களுக்கு நான் சொல்லும் வழி நூலகம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

லிங்க் திட்டம் 1992ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்கு முன் மத்திய அரசின் மொழிப் பயிற்சி பெரும்பாலும் வேலைக்குப் போகப்போகிறவர் என்று கருதப்பட்டவருக்கே கிடைத்தது. நடைமுறையில் அது குடும்பத் தலைவர் என்று படிவத்தில் எழுதப்பட்ட ஆணுக்குப் போய்ச் சேர்ந்தது. 1983க்குப் பிறகு வந்த நம்முடைய பெண்கள் பலர், சுவையான சமையலும் சுத்தமான வீடும் தந்துவிட்டு, ஆங்கிலம் இல்லாமலே பேரப்பிள்ளை கண்டார்கள் என்றால் அதற்குச் சோம்பல் காரணமில்லை. ஆண்களும் பெரிதாக வகுப்பில் உட்காரவில்லை. உணவகச் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டே காதால் கற்றவர்கள்தான் அதிகம். அவர்களுடைய ஆங்கிலத்தில் 'ஹொட் பிளேட்', 'பெஹைன்ட் யூ' எல்லாம் சுத்தமாக வரும், கடிதம் ஒன்று வந்தால்தான் கை நடுங்கும்.

இரண்டாம் படி: மதிப்பீட்டுக்கு நேரம் வாங்குதல்

உங்களை எந்த நிலையில் உட்கார வைப்பது என்று முடிவு செய்ய ஒரு மதிப்பீடு உண்டு. எல்லோரும் அதை 'அசெஸ்மென்ட்' என்றே சொல்கிறார்கள், நீங்களும் அப்படியே கேளுங்கள். ரொறன்ரோ நகரில் வை.எம்.சி.ஏ. நடத்தும் மொழி மதிப்பீட்டு நிலையங்களில் இதைச் செய்கிறார்கள். லிங்க் வகுப்பானாலும் மாகாண இ.எஸ்.எல். வகுப்பானாலும் அங்கேதான் தொடக்கம். மார்க்கம், அஜாக்ஸ், மிசிசாகா பக்கம் குடியிருப்பவர்கள் அந்தந்த வட்டாரத்தின் நிலையத்துக்குப் போக வேண்டும். ஸ்காபரோவில் வேலை, மார்க்கத்தில் வீடு என்றால் எங்கே போவது என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

நேரம் வாங்கத் தொலைபேசி எடுக்க வேண்டும், தொலைபேசியில் பேச ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலம் படிக்கப் போகிறவரிடம் முதலில் கேட்பதே ஆங்கிலம்தான். இதைத் தாண்ட மூன்று வழிகள் உண்டு.

2-1-1 என்ற எண்ணை அழுத்துங்கள். ஒன்ராறியோவில் சமூக சேவைகள் பற்றித் தகவல் சொல்லும் இலவச எண், இரவும் பகலும் உண்டு. ஆள் எடுத்ததும் "டமில், பிளீஸ்" என்று இரண்டு சொல் சொன்னால் போதும். மொழிபெயர்ப்பாளரை இணைக்கும்வரை பொறுமையாக இருங்கள், இடையில் சில நிமிடம் ஒரே அமைதியாக இருக்கும். இணைப்பு அறுந்துவிட்டது என்று வைத்துவிடாதீர்கள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்தால், அங்கே புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவும் குடியேற்றப் பணியாளர் வருகிறாரா என்று கேளுங்கள். ரொறன்ரோப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் வருகிறார். ஸ்காபரோப் பக்கம் அவர் தமிழராகவே இருக்கவும் வாய்ப்புண்டு. பள்ளிக்கூட அலுவலகத்தில் "சுவிஸ் வர்க்கர்" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். சுவிற்சர்லாந்துக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது, அந்தத் திட்டத்தின் பெயர்ச்சுருக்கம் அப்படி.

மூன்றாவது, குடியேற்ற உதவி நிறுவனங்கள். ஸ்காபரோவில் கத்தோலிக்க் குரொஸ்கல்ச்சரல் சர்வீசஸ், அஜின்கோர்ட் கம்யூனிட்டி சர்வீசஸ் போன்றவை பல ஆண்டுகளாக இயங்குகின்றன. நேரில் போய் உட்கார்ந்தால் அவர்களே உங்களுக்காகத் தொலைபேசி எடுத்து நேரம் வாங்கித் தருவார்கள்.

நீங்களே பேசிப் பார்க்கத் துணிந்தால் இந்த ஒரு வரி போதும்: "ஐ வான்ட் டு புக் அ லாங்குவேஜ் அசெஸ்மென்ட்." இதற்குப் பதிலாக என்ன வரும் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் நிலை என்ன, பிறந்த தேதி என்ன, அஞ்சல் குறியீடு என்ன என்று கேட்பார்கள். இந்த மூன்றையும் தாளில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சல் குறியீட்டின் எழுத்துகளைச் சொல்லும்போது எம் எது, என் எது என்று குழப்பம் வரும். "எம், மேரி" என்பது போல ஒரு பெயரோடு சேர்த்துச் சொன்னால் குழப்பம் தீரும்.

போகும்போது பி.ஆர். அட்டையை, அது இல்லாவிட்டால் லேண்டிங் பேப்பரை (நிரந்தர வதிவிடம் கிடைத்தபோது தந்த தாள்), கோரிக்கையாளராக இருந்தால் அதற்கான தாளை எடுத்துப் போங்கள். மூலப் பிரதி வேண்டும், கைப்பேசியில் எடுத்த படம் போதாது.

மூன்றாம் படி: மதிப்பீட்டு நாள்

இதில் பாஸ் இல்லை, பெயில் இல்லை. இதை நம்மவர்கள் நம்புவதே இல்லை. ஓ.லெவல் பரீட்சை எழுதப் போவதுபோல் இரவெல்லாம் கண் விழித்துப் படித்துவிட்டு, தலைவலியோடு போய் உட்காருகிறார்கள்.

கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்ற நான்கையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். முழுவதும் முடியச் சில மணி நேரம் ஆகும், காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முடிவில் நான்கு எண்கள் தருவார்கள். அவை சி.எல்.பி. என்ற கனடிய அளவுகோலில் உள்ளவை. மொத்தம் 12 நிலைகள். 1 முதல் 4 வரை தொடக்கம், 5 முதல் 8 வரை நடுத்தரம், அதற்கு மேல் உயர்நிலை. நான்கு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தவருக்கு வாசிப்பில் 5 வரும், கேட்பதில் 3 வரும். உணவகச் சமையலறை அண்ணருக்கு நேர்மாறாக வரும்.

நான் சின்னம்மாவுடன் போயிருந்தேன். உள்ளே விடமாட்டார்கள், வெளியே நாற்காலியில் இருந்தேன். திரும்பி வந்து அவர் சொன்னது இது. ஒரு படத்தைக் காட்டி இதில் என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். கடையில் ஒரு பெண் காசாளரிடம் சட்டையைத் திருப்பிக் கொடுக்கிறாள். சின்னம்மாவுக்கு 'ஷர்ட்' தெரியும், 'ஷொப்' தெரியும், 'மணி' தெரியும். 'திருப்பிக் கொடுப்பது' என்பதற்குச் சொல் தெரியவில்லை. அந்த ஒரு சொல் கிடைக்காததால், தெரிந்த மூன்று சொல்லையும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டார். முழு வாக்கியமாகச் சொல்ல முடியாவிட்டால் சொல்லவே கூடாது என்று நம் வகுப்பறைகள் நமக்குக் கற்பித்திருக்கின்றன. அந்த மௌனத்துக்கு மதிப்பீட்டாளரால் எண் போட முடியாது. ஷர்ட், ஷொப், மணி என்று விரலை நீட்டிச் சொன்னாலும் அவருக்கு எடைபோட ஏதோ கிடைக்கிறது. உடைந்த ஆங்கிலமாக இருந்தாலும் வாயைத் திறந்து கொட்டிவிடுங்கள்.

இதற்கு எதிர்மாறான தவறும் உண்டு. பெரிய நிலையில் போட்டால் கஷ்டம் என்று தெரிந்ததையும் தெரியாததுபோல் நடிப்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு ஏ, பி, சி எழுதும் வகுப்பில் ஆறு வாரம் கொட்டாவி விட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள். அதே போல், பிள்ளைகள் வீட்டில் வைத்துப் பதில்களை மனப்பாடம் செய்வித்து அனுப்பினால், உயரமான வகுப்பில் ஒன்றும் விளங்காமல் உட்கார வேண்டிவரும். இரண்டுமே உங்கள் காலத்தைத்தான் தின்னும். உங்கள் மதிப்பீடு கணினிப் பதிவில் ஏறிவிடும், வேறு நிலையத்துக்குப் போய்ப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

ஊரில் பள்ளிக்கூடமே போகாதவர்கள், போரில் படிப்பு குழம்பியவர்கள், தமிழிலும் எழுத வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் இதை மதிப்பீட்டாளரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். அவர்களுக்கென்று தனி எழுத்தறிவு வகுப்பு இருக்கிறது. பேனா பிடிப்பதிலிருந்து தொடங்குவார்கள். அதைச் சொல்லாமல் சாதாரண முதல் நிலையில் சேர்ந்தால், ஆசிரியர் பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதவே நேரம் போய்விடும், பக்கத்தில் இருப்பவர் மூன்றாம் பக்கத்தில் இருப்பார்.

நான்காம் படி: எந்தப் பள்ளிக்கூடம்?

மதிப்பீடு முடிந்ததும் உங்கள் நிலைக்கு வகுப்பு உள்ள இடங்களைச் சொல்வார்கள். பெரும்பாலானோர் பட்டியலில் முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், இங்கேதான் நன்றாக யோசிக்க வேண்டும். ஆசிரியர் எப்படி, கட்டடம் எப்படி என்பதெல்லாம் பிறகு. பெப்ரவரி மாதம் செவ்வாய்க்கிழமை காலை, வெளியே மைனஸ் பதினெட்டு, இரவு வேலை முடித்து வந்திருக்கிறீர்கள். அன்று நீங்கள் போய்ச் சேரக்கூடிய இடமா என்று பாருங்கள்.

பஸ் கணக்கை வீட்டிலிருந்து போடாதீர்கள், அன்றைக்கு எங்கிருந்து புறப்படுவீர்களோ அங்கிருந்து போடுங்கள். ஒரு பஸ்ஸில் நாற்பது நிமிடம் போவது, இரண்டு பஸ் மாறி இருபத்தைந்து நிமிடத்தில் போவதைவிட மேல் என்பது என் அனுபவம். மாறும் இடத்தில்தான் குளிர் எலும்புக்குள் இறங்கும், மாறும் இடத்தில்தான் பஸ் தவறும். ஸ்காபரோ ரயில் பாதை 2023 ஜூலையில் மூடப்பட்ட பிறகு, டவுன் சென்டரிலிருந்து கென்னடி நிலையம் போவதற்கும் பஸ்தான். பழைய நினைவில் நேரம் கணக்குப் போட்டால் பிந்துவீர்கள். பிரெஸ்டோ அட்டையில் ஒருமுறை கட்டணம் செலுத்தினால் இரண்டு மணி நேரம் வரை டி.டி.சி. என்ற நகரப் போக்குவரத்தின் பஸ் மாறிக்கொள்ளலாம், ஆகவே போகும் வழியில் இறங்கிச் சாமான் வாங்குவதற்குத் தனிக் கட்டணம் ஆகாது. சில இடங்களில் வருமானம் குறைந்தவர்களுக்குப் பஸ் கட்டணத்துக்கும் உதவுகிறார்கள். தாமாகச் சொல்லமாட்டார்கள், கேட்க வேண்டும்.

நேரம் இரண்டாவது. முழுநேர லிங்க் வகுப்பு என்றால் வாரத்துக்கு 25 மணி நேரம் வரை போகும். வேலைக்குப் போகாதவர்களுக்கு, வந்த புதிதில் ஆறு மாதமாவது ஒதுக்க முடிந்தவர்களுக்கு அதைப்போல் நல்லது வேறில்லை. வேலை இருந்தால் பகுதிநேரம், மாலை நேரம், சனிக்கிழமை என்று தேடுங்கள். தொழிற்சாலையில் மாலைப் பணி செய்கிறவர்களுக்குக் காலை வகுப்பு. வாரா வாரம் பணி நேரம் மாறுகிறவர்கள்தான் பாவம். அவர்கள் கணினி வழியாக நடக்கும் வகுப்புகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் தொடக்க நிலையில் இருப்பவருக்கு நான் கணினி வகுப்பைச் சொல்லமாட்டேன். வீட்டில் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் பிள்ளை, கேமராவை மூடிவிட்டு வெங்காயம் உரிப்பதில்தான் அது முடியும்.

சின்னப் பிள்ளை உள்ள தாய்மாருக்கு வேறெல்லாவற்றையும்விட ஒன்றுதான் முக்கியம்: அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை பார்க்கும் அறை உண்டா? லிங்க் நடத்தும் இடங்கள் சிலவற்றில் வகுப்பு நடக்கும் அதே கட்டடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள், கட்டணம் இல்லை. எல்லா இடத்திலும் கிடையாது, எல்லா வயதுக்கும் கிடையாது. கைக்குழந்தைக்கு இடம் கிடைப்பது மிகவும் அரிது. எத்தனை மாதத்துக் குழந்தையிலிருந்து எடுப்பீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். தடுப்பூசிப் பதிவைக் கேட்பார்கள், அதைத் தயாராக வைத்திருங்கள். அறை உள்ள பள்ளிக்கூடம் பஸ்ஸில் பதினைந்து நிமிடம் கூடுதல் தூரமாக இருந்தாலும் அங்கேயே போங்கள். "பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று வீட்டில் யாராவது சொன்னால், அந்தப் 'பிறகு' ஐந்து ஆண்டு என்று கணக்குச் சொல்லிவிடுங்கள். அதற்குள் அடுத்த பிள்ளை வந்துவிடும்.

எல்லோரும் தமிழராக இருக்கும் வகுப்பில் சேராதீர்கள் என்றும் சொல்லத்தான் வேண்டும். முதல் வாரம் இனிமையாக இருக்கும், பக்கத்தில் அக்கா இருப்பார், கேட்டதும் தமிழில் சொல்லித் தருவார். மூன்றாம் மாதம் பார்த்தால் நீங்கள் இருவரும் தமிழில் குடும்பக் கதை பேசி முடித்திருப்பீர்கள். பக்கத்தில் ஒரு சீனரும் ஒரு ஆப்கானியரும் உட்கார்ந்தால், டீ இடைவேளையில் உப்பு கேட்பதற்கும் ஆங்கிலம்தான் வேண்டும்.

ஐந்தாம் படி: காத்திருக்கும் காலத்தை வீணாக்காமல் இருப்பது

இடம் இல்லை, பெயரை எழுதிவிட்டுப் போங்கள் என்பார்கள். இது வழக்கம். ஒரே இடத்தில் பெயர் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்காதீர்கள், இரண்டு மூன்று இடங்களில் கொடுங்கள். எனக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள், புதிய ஆட்களை எப்போது எடுப்பீர்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்து நினைவூட்டுங்கள். தொந்தரவு என்று யாரும் நினைக்கமாட்டார்கள். அப்படி எடுப்பதே ஒரு பயிற்சி. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் விடுகிறவர் என்றால், இந்த நாட்களில் மட்டும் எடுங்கள். பள்ளிக்கூட எண் உங்கள் கைப்பேசியில் தெரியாத எண்ணாகத்தான் வரும்.

இடையில் நூலகம். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நகரெங்கும் 100 கிளைகள் இருக்கின்றன. மால்வேர்ன், சீடர்ப்ரே, அஜின்கோர்ட், ஆல்பர்ட் காம்பல் எல்லாம் நம்மவர்கள் நிறைந்த பக்கங்களில் உள்ளவை. பல கிளைகளில் ஆங்கில உரையாடல் வட்டம் நடக்கிறது. வட்டமாக நாற்காலி போட்டு, ஒருவர் வழிநடத்த, பத்துப் பன்னிரண்டு பேர் ஏதாவது ஒரு விஷயத்தைப் பேசுவார்கள். கட்டணம் இல்லை. உங்கள் விசா என்ன என்று கேட்பதில்லை. சூப்பர் விசாவில் வந்த அப்பாவுக்கு இந்த நகரில் மிகப் பொருத்தமான வகுப்பு இதுதான் என்பேன். ஆனால் இது பேசிப் பழகும் இடம், எழுத்தும் இலக்கணமும் இங்கே வராது. ஒரு சொல்லும் தெரியாதவருக்கு முதலில் திணறும்.

நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. தமிழ் நாவல் எடுக்கப் போய், அப்படியே பக்கத்து அறையில் நடக்கும் வட்டத்தில் உட்கார்ந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

ஆறாம் படி: வகுப்பில் சேர்ந்த பிறகு

ஊர்ப் பள்ளிக்கூடத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். வாத்தியார் இலக்கண விதி சொல்ல, மாணவர் எழுத, பிறகு பரீட்சை என்ற முறை இல்லை. வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள் என்பார்கள். ஒருவர் வீட்டுக்காரர், ஒருவர் குடியிருப்பவர். மருத்துவருடன் நேரம் மாற்றுவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்குக் குறிப்பு எழுதுவது, மளிகைக்கடை விளம்பரத் தாளைப் பார்த்து மலிவானதைக் கண்டுபிடிப்பது. இதெல்லாம் படிப்பா என்று பட்டதாரிகள் முகம் சுளிப்பார்கள். சி.எல்.பி. அளவுகோலே இந்த மாதிரிக் காரியங்களை வைத்துத்தான் கட்டப்பட்டது. வினைச்சொல் விதி எத்தனை தெரியும் என்று அது கேட்பதில்லை. வீட்டுக்காரரை நாளைக்கே ஆள் அனுப்ப வைத்தீர்களா என்றுதான் கேட்கும்.

செய்த வேலைகளை ஒரு கோப்பில் சேர்த்து வைக்கச் சொல்லும் வகுப்புகள் நிறைய. அந்தக் கோப்பை வைத்துத்தான் உங்களை மேல் நிலைக்கு உயர்த்துவது பற்றி ஆசிரியர் முடிவெடுப்பார். திகதி போட்டு ஒழுங்காக வையுங்கள், தாளைக் கழற்றிப் பேரனுக்குப் படம் வரையக் கொடுத்துவிடாதீர்கள். சின்னம்மாவின் கோப்பில் ஒரு டைனசோர் இருக்கிறது.

தமிழ் நாக்குக்கு என்று சில சிக்கல்கள் உண்டு. ப என்ற ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு பார்க், பேக் இரண்டையும் நாம் எழுதுகிறோம். சொல்லும்போது ஒன்று மற்றதாக விழும். 'பஸ் பாஸ்' என்றால் பக்கத்து மேசைக்காரர் விழிப்பார். ஆசிரியரிடம் இதைத் தனியாகச் சொல்லிக் கேட்டால் பயிற்சி தருவார். தானாகச் சரியாகும் என்று விட்டால் இருபது ஆண்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கும்.

சில நாள் வராவிட்டால் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றால் இடம் வேறொருவருக்குப் போய்விடும், வெளியே பட்டியலில் ஆள் காத்திருக்கிறார். வேலை நேரம் மாறினால் வகுப்பை விடாமல், மாலைக்கோ சனிக்கிழமைக்கோ மாற்ற முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்தாலும் சான்றிதழ்களையும் கடைசி அறிக்கையையும் கையில் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

குடியுரிமைக்கும் வேலைக்கும் எது எடுபடும்?

இந்த ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டு பணத்தை இழந்தவர்கள் அதிகம். குடியுரிமை விண்ணப்பத்தில் 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள்தான் மொழித் திறனைக் காட்ட வேண்டும். பேசுவதிலும் கேட்பதிலும் சி.எல்.பி. 4 இருந்தால் போதும், வாசிப்பும் எழுத்தும் கேட்பதில்லை. லிங்க் வகுப்பில் இந்த இரண்டிலும் 4ஐ எட்டியதற்கான சான்றிதழை ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்காகத் தனியாகப் பரீட்சை எழுதிப் பணம் கட்ட வேண்டியதில்லை. 55 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மொழிச் சான்றும் வேண்டாம், அறிவுப் பரீட்சையும் வேண்டாம்.

நிரந்தர வதிவிட உரிமைக்காகத் திறன் அடிப்படையில் விண்ணப்பிப்பது வேறு கதை. அங்கே வகுப்புச் சான்றிதழ் செல்லாது. ஐ.இ.எல்.டி.எஸ். பொதுப் பிரிவு, செல்பிப் பொதுத் தேர்வு, 2024 முதல் பி.டி.இ. கோர் என்று அங்கீகரிக்கப்பட்ட பரீட்சைகளில் ஒன்றை எழுதியாக வேண்டும். தாதியர், மருத்துவர், பொறியியலாளர் போன்ற உரிமம் வேண்டிய தொழிலுக்கு அந்தந்த அமைப்பு எந்தப் பரீட்சையைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள், ஒன்றுக்கு எழுதியது மற்றதற்கு எடுபடும் என்ற உத்தரவாதம் இல்லை.

உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் எடுக்க நினைப்பவர்களுக்கு வளர்ந்தோர் உயர்நிலைப் பள்ளிகளில் மதிப்பெண் கிடைக்கும் ஆங்கிலப் பாடங்கள் இருக்கின்றன. இலவச இ.எஸ்.எல். வகுப்பு அந்தக் கணக்கில் சேராது. பெயர் இரண்டுக்கும் ஒன்று என்பதால், சேரும்போது "கிரெடிட்டா, நொன்-கிரெடிட்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

இனிப் பணம் கேட்பவர்கள். எனக்கு உறவான ஒருவர் மாடிப்படிக்கு மேலே ஒரே அறையில் நடந்த தனியார் நிலையத்துக்கு ஆயிரத்து இருநூறு டாலர் கட்டினார். எட்டு வாரத்தில் குடியுரிமைக்கான மொழிச் சான்றிதழ் என்று சொல்லியிருந்தார்கள். கொடுத்தது அழகான தாள்தான், பொன்னிற ஓரம்கூட இருந்தது. குடியுரிமை அலுவலகம் அதை ஏற்கவில்லை. அவருக்கு அப்போது பி.ஆர். அட்டை இருந்தது. அவர் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இலவச வகுப்பும் இருந்தது. தனியார் வகுப்பெல்லாம் மோசம் என்று சொல்லவில்லை, பரீட்சைக்குத் தயார் செய்யும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சான்றிதழ் ஏற்கப்படும் என்று அரசாங்க இணையதளத்தில் எங்கே போட்டிருக்கிறது, காட்டுங்கள்." காட்டவில்லை என்றால் படியிறங்கி வந்துவிடலாம்.

சின்னம்மா இப்போது மூன்றாம் நிலையில் இருக்கிறார். போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடியும் தொலைபேசி வந்தது. "ஸ்லோ, பிளீஸ். அகெய்ன்" என்றாராம்.